தரையில் ஒட்டிய இரண்டு பாதங்கள்

எங்கள் ஆய்வகத் தரையில் மஞ்சள் டேப்பால் இரண்டு பாதங்களின் வடிவம் ஒட்டியிருக்கும். வருகிறவர் யாராக இருந்தாலும் முதலில் அங்கேதான் நிற்கவைப்போம். "சற்று இடப்பக்கம்... போதும். தலையை அசைக்காமல் பாருங்கள்." மறுகணம் அவர் முகம் மலரும். திரைக்கு வெளியே மிதக்கும் பல்சக்கரத்தைத் தொடக் கை தானாக நீளும். வந்தவர் நிதி தரும் குழுவைச் சேர்ந்தவராக இருந்தால், அந்தக் கை நீண்டதிலேயே எங்கள் அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு வழி பிறந்துவிடும்.

அவர் ஆறு சென்டிமீட்டர் தள்ளி நின்றிருந்தால் கதை வேறு. அது கண்ணாடி அணியாமல் பார்க்கும் முப்பரிமாணத் திரை. நுண்ணிய உருளை வில்லைகளை வரிசையாகப் பதித்த மெல்லிய தகடு ஒன்று திரையின்மேல் ஒட்டப்பட்டிருக்கும். அது ஒரு பிக்சல் வரிசையின் ஒளியை இடக்கண் இருக்கும் திசைக்கும், அடுத்த வரிசையின் ஒளியை வலக்கண் இருக்கும் திசைக்கும் பிரித்து அனுப்பும். மனிதர்களின் இரு கண்மணிகளுக்கு இடையே சராசரியாக 63 மில்லிமீட்டர் தூரம். அந்த அளவு நகர்ந்தால் இடக்கண்ணுக்கு உரிய படம் வலக்கண்ணுக்குப் போய்விடும். மேடு பள்ளமாகும், பள்ளம் மேடாகும். அதில் பாதி நகர்ந்தால் இரண்டு படங்களும் கலந்து தலைவலிதான் மிஞ்சும். ஆக, எங்கள் கண்டுபிடிப்பின் பாதி தரையில் இருந்த டேப்பில் இருந்தது. முதல் ஆய்வுக் கட்டுரையில் அந்த டேப்பைப் பற்றி ஒரு வரிகூட நாங்கள் எழுதவில்லை.

முப்பரிமாணத் திரைகள், பார்ப்பவரைச் சூழ்ந்துகொள்ளும் காட்சிகள் என்று இருபத்திரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. இந்தத் துறைக்கு வர நினைக்கும் மாணவர்களிடம் பேசும்போதெல்லாம் அந்த டேப்பிலிருந்துதான் தொடங்குகிறேன். செய்த வேலையைத் தாளில் அச்சிட்டோ காணொளியாக அனுப்பியோ காட்ட முடியாத துறை இது. பார்ப்பவர் நேரில் வர வேண்டும். நாம் சொன்ன இடத்தில் நிற்க வேண்டும். அவருடைய கண்களும் ஒத்துழைக்க வேண்டும். அப்படியே பார்த்தாலும் அவர் கண்டது என்ன என்று நமக்குத் தெரியாது. அவர் சொல்வதுதான் சாட்சி. பிறரை ஏமாற்ற நினைக்காதவர்கூட இங்கே எளிதாகத் தன்னை ஏமாற்றிக்கொள்வார். நான் பலமுறை ஏமாந்திருக்கிறேன்.

ஆராய்ச்சி மாணவனாகச் சேர்ந்த முதல் வாரத்தில் என் வழிகாட்டி கணினியைத் தொடவிடவில்லை. பென்சிலும் அளவுகோலும் தந்து, ஒரு கனசதுரத்தை இடக்கண்ணுக்கு ஒன்றும் வலக்கண்ணுக்கு ஒன்றுமாக இரண்டு படங்களாக வரையச் சொன்னார். சார்லஸ் வீட்ஸ்டன் 1838-இல் இரண்டு முகம்பார்க்கும் கண்ணாடிகளை வைத்து, ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு படம் காட்டி ஆழத்தை உணரவைக்கும் தன் ஸ்டீரியோஸ்கோப்பைப் பற்றி அறிவித்தபோது ஒளிப்படக் கலை இன்னும் உலகுக்கு அறிவிக்கப்படவில்லை. அவரும் கோட்டுப் படங்களைத்தான் பயன்படுத்தினார். நான் பதினொரு தாள்களைக் கெடுத்தேன். ஒரு கோடு அரை மில்லிமீட்டர் பிசகினால் கனசதுரத்தின் மூலை வளைந்து நிற்கும். அந்த வாரம் விரலில் ஏறிய கணக்கு பிறகு எந்த நிரலிலும் மறக்கவில்லை.

அடுத்து அவர் தந்தது பேலா யூலெஸ் 1960-இல் உருவாக்கிய வகைப் புள்ளிப் படம். இடப்படத்திலும் வலப்படத்திலும் தாறுமாறான கறுப்பு வெள்ளைப் புள்ளிகளைத் தவிர ஒன்றுமில்லை. கருவி எதுவும் இல்லாமல், கண்களைத் தளர்த்தி இரண்டையும் ஒன்றாக்கிப் பார்க்கப் பழகச் சொன்னார். ஐந்தாம் நாள் மாலை, அந்தக் குப்பையிலிருந்து ஒரு சதுரம் மெல்ல எழுந்து காகிதத்துக்கு மேலே நின்றது. அதற்குப் பிறகு எத்தனையோ விலை உயர்ந்த கருவிகளைப் பார்த்துவிட்டேன், அந்த மாலைக்கு ஈடாக ஒன்றும் இல்லை. இந்தப் பழக்கத்தை எல்லோருக்கும் பரிந்துரைக்கிறேன். எந்த இணைப் படத்தையும் நின்ற இடத்தில் சரிபார்த்துவிடலாம். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. பழகிய கண் எதையும் ஒன்றாக்கிவிடும். மற்றவர்கள் இரட்டையாகக் கண்டு தவிக்கும் படம் உங்களுக்குச் சுகமாகத் தெரியும். மூன்றாம் ஆண்டிலேயே நான் என் திரைகளுக்கு நம்பத்தகாத சாட்சியாகிவிட்டேன்.

அதைக் கேமராக்கள் மெய்ப்பித்தன. அருகில் இருப்பதைப் பார்க்கும்போது கண்கள் உள்நோக்கித் திரும்புகின்றன அல்லவா, அதைப் போலவே இரண்டு கேமராக்களையும் உள்நோக்கித் திருப்பி வைத்துப் படமெடுத்தேன். ஆனால் அப்படித் திருப்பிய கேமரா சதுரத்தைச் சரிவகமாகப் பதிவுசெய்யும். ஒன்றில் இடப்புறம் பெரிதாகும், மற்றொன்றில் வலப்புறம் பெரிதாகும். அதனால் மூலையில் உள்ள ஒரே புள்ளி இரு படங்களிலும் வெவ்வேறு உயரத்தில் போய் அமரும். நம் கண்கள் உள்ளும் புறமும் திரும்பப் பழகியவை. ஒன்று மேலேயும் மற்றொன்று கீழேயும் போகச் சொன்னால் திணறும். பார்த்தவர்கள் பத்தே நிமிடத்தில் நெற்றியைத் தேய்த்தார்கள். "புதிது என்பதால் அப்படி இருக்கும், பழகிவிடும்" என்று நான் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்குத்தான் வலிக்கவில்லையே! ஏழு மாதம் இப்படியே போயிற்று.

தீர்வு எளியது. கேமராக்களை இணையாக வைத்து எடுத்துவிட்டு, பிறகு படங்களைக் கிடைமட்டமாக நகர்த்தி ஆழத்தை அமைத்துக்கொள்ளலாம். யாராவது தலைவலி என்றால் அவரைச் சந்தேகிக்கும் முன் செங்குத்து வேறுபாட்டை அளந்து பாருங்கள். அடுத்து இரண்டு கேமராக்களும் ஒரே கணத்தில்தான் படமெடுக்கின்றனவா என்று பாருங்கள். நகரும் பந்தில் சிறு கால வேறுபாடும் பொய்யான ஆழமாக மாறும். கேமராக்களின் இடைவெளி அளவுக்கு மீறினால் மனிதர்கள் பொம்மைகளாகச் சிறுத்துத் தெரிவார்கள். இது ஒரு குறையாக யார் கண்ணிலும் உடனே படாது. "ஏதோ போல இருக்கிறது" என்பார்கள். அந்த "ஏதோ போல" என்ற சொல்லைக் குறிப்பேட்டில் எழுதிவைக்கக் கற்றுக்கொண்டது பெரிய பலன்.

அதைவிட வெட்கமான ஒன்றும் நடந்தது. ஒரு பொதுக் காட்சியின் இரண்டாம் நாள், கேபிள்களைக் கழற்றி மாட்டியதில் இடமும் வலமும் மாறிவிட்டன. காலை முழுவதும் பார்வையாளர்கள் வந்தார்கள், "அற்புதம்" என்றார்கள், போனார்கள். ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை. நாங்கள் காட்டியவை மனித முகங்கள். முகம் என்றால் மூக்கு முன்னால்தான் இருக்கும் என்று மூளை முடிவுகட்டிவிட்டது. கண்கள் எதிர்மாறாகச் சொன்னாலும் கேட்காது. ஆழத்தைத் தலைகீழாக்கிக் காட்டும் கருவியை வீட்ஸ்டனே 1852-இல் விவரித்திருக்கிறார். படித்திருந்தும் எனக்கு உறைக்கவில்லை. அன்றிலிருந்து என் சோதனைப் படங்கள் எல்லாவற்றிலும் இடப்படத்தின் மூலையில் "இ", வலப்படத்தின் மூலையில் "வ". ஒரு கண்ணை மூடு, படி, மறு கண்ணை மூடு, படி. கால் நிமிட வேலை. பார்வையாளரின் பாராட்டை அளவீடாக எடுத்துக்கொள்வதை அன்றோடு விட்டேன்.

அதற்கு அடுத்த திட்டத்தில் சேர்ந்த மாணவர் ஒருவர், "சார், எனக்கு எதுவும் வெளியே வரவில்லையே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நிரலில் பிழை என்று நினைத்து இரண்டு மாதம் மாற்றி மாற்றி எழுதினோம். கடைசியில் ஒரு கண் மருத்துவரிடம் அனுப்பினேன். அவருக்குச் சிறுவயதில் மாறுகண் இருந்திருக்கிறது. அறுவை சிகிச்சையில் கண்கள் நேராகிவிட்டன, ஆனால் இரண்டு கண்களின் படங்களையும் இணைக்க மூளை கற்றுக்கொள்ளவில்லை. அது அவருக்கே தெரியாது. எப்படித் தெரியும்? நிழல், அளவு, ஒன்றை ஒன்று மறைப்பது, தலை அசையும்போது அருகில் உள்ளது வேகமாக நகர்வது ஆகிய இவற்றை வைத்தே அவர் பந்து பிடித்திருக்கிறார், வண்டி ஓட்டியிருக்கிறார். ஆழம் என்றால் இரண்டு கண்கள் என்று மட்டும் நினைத்திருந்த எனக்கு அவர்தான் பாடம். பின்னர் தலையின் அசைவைத் தொடர்ந்து படத்தை மாற்றும் வசதியைச் சேர்த்தோம். அவர் முன்னால் நின்று தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். "இப்போது தெரிகிறது" என்றார். அதன்பின் ஒரு கண்ணின் படம் மறு கண்ணுக்குக் கசியும் அளவை அளக்கும் வேலையை அவரிடமே கொடுத்தேன். மாயத்தில் மயங்காத ஒரே ஆள் எங்களில் அவர்தான்.

அந்த இரண்டு மாதத்தின் விளைவாக ஒரு படிவம் பிறந்தது. சோதனையில் பங்கேற்கும் ஒவ்வொருவருக்கும் முதலில் புள்ளிப் படத்தால் ஆழப் பார்வைச் சோதனை, கண்மணிகளின் இடைவெளி, மூக்குக் கண்ணாடியின் பவர், வயது. எல்லாவற்றையும் எழுதி, கடைசிக் கட்டத்தில் தகுதி உண்டு அல்லது இல்லை என்று குறிக்க வேண்டும். இந்தப் படிவத்தைப் பிறகும் சொல்ல வேண்டியிருக்கும்.

கட்டுரை எழுதுவது தனிப் பாடு. மதிப்பீட்டாளர்கள் மூவரும் என் திரையைப் பார்த்ததில்லை, பார்க்கப் போவதுமில்லை. தட்டையான தாளில் ஆழத்தை எப்படி நிரூபிப்பது? எனக்குப் பயன்பட்டவை இவை. கேமராவை ஒரு தண்டவாளச் சட்டத்தில் ஏற்றி, சில மில்லிமீட்டருக்கு ஒருமுறை நகர்த்திப் படமெடுத்து, எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கமாக அடுக்குவது. கேமராவின் துளையைக் கண்மணியின் அளவுக்கு, சுமார் நான்கு மில்லிமீட்டருக்குக் குறைத்து, கண் இருக்க வேண்டிய இடத்திலேயே வைப்பது. பெரிய துளை வைத்தால் எந்தக் கண்ணும் காணாத படம் பதிவாகும். திரையில் தோன்றும் பொருளின் பக்கத்தில் அதே தூரத்தில் உண்மையான பென்சில் ஒன்றை நிறுத்தி, கேமராவின் குவியத்தை முன்னும் பின்னும் மாற்றுவது. பென்சில் மங்கும்போது மெய்நிகர்ப் பொருளும் கூடவே மங்கினால் வாதம் முடிந்தது. ஒரு கண்ணுக்கு முழு வெள்ளை, மறு கண்ணுக்கு முழுக் கறுப்பு என்று காட்டிக் கசிவை ஒளிமானியால் அளப்பது. திரையின் இயல்பான கறுப்பிலிருந்து வரும் வெளிச்சத்தைக் கழிக்க மறக்காமல். டேப்பிலிருந்து விலகி நின்றால் தெரியும் அசிங்கமான படங்களையும் இப்போது சேர்த்துவிடுகிறேன். அந்தப் படங்களாலேயே ஒரு கட்டுரை திருப்பி அனுப்பப்பட்டது. பரவாயில்லை, சேர்ப்பதை நிறுத்தவில்லை.

டேப் தேவைப்படாத ஒன்று உண்டென்றால் அது ஹாலோகிராம், பொருளிலிருந்து வரும் ஒளியலையையே பதிவுசெய்து மீட்டுக் காட்டும் படம். எலெக்ட்ரான் நுண்ணோக்கியை மேம்படுத்த முயன்ற டென்னிஸ் கேபர் 1947-இல் அந்தக் கருத்துக்கு வந்து சேர்ந்தார். பொருத்தமான ஒளி இல்லாமல் அது காத்திருந்தது. 1960-இல் லேசர் வந்தது. எம்மெட் லீத், யூரிஸ் உபட்னீக்ஸ் இருவரும் அந்தப் பத்தாண்டின் முற்பகுதியில் முப்பரிமாணப் பொருள்களின் ஹாலோகிராம்களை எடுத்துக் காட்டினார்கள். 1971-இல் கேபருக்கு நோபல் பரிசு. கண்ணாடித் தகட்டில் எடுத்த நல்ல ஹாலோகிராம் ஒன்றை லேசர் ஒளியில் பார்த்தவர்களுக்குத் தெரியும்: தலையைச் சாய்த்து ஒரு பொருளின் பின்னால் எட்டிப் பார்க்கலாம், அங்கே மறைந்திருப்பது தெரியும். (மறைந்த பாடகர் மேடையில் ஹாலோகிராமாகத் தோன்றினார் என்று வரும் செய்திகள் வேறு. அவற்றில் பல, சாய்த்து வைத்த கண்ணாடியிலோ மெல்லிய படலத்திலோ விழும் பிரதிபலிப்பு. 1862-இல் ஜான் ஹென்றி பெப்பர் நாடக மேடையில் பேயை வரவழைத்த அதே வித்தை. அவற்றை ஹாலோகிராம் என்று எழுதும்போது எனக்குப் பல் கூசும்.)

அந்தத் தகட்டில் அசையாமல் நிற்கும் காட்சியை அசையவைக்க நான்கு ஆண்டுகள் போராடினேன். எங்களிடம் இருந்த ஒளிமாற்றியின் (ஒளியலையைப் பிக்சல் பிக்சலாக மாற்றியமைக்கும் சிறு திரை) பிக்சல் அகலம் 8 மைக்ரோமீட்டர். நுண்ணிய பிக்சல்களில் பட்டு ஒளி விரியும் விளிம்பு விளைவின் விதிப்படி, பச்சை லேசருக்கு அது தரும் பார்வைக் கோணம் ஏறத்தாழ 4 பாகை மட்டும். சாவித்துவாரம் வழியே பார்ப்பது போல. அறுபது பாகை வேண்டுமென்றால் பிக்சல் அரை மைக்ரோமீட்டராகச் சுருங்க வேண்டும். அந்த நுண்மையில் 50 சென்டிமீட்டர் அகலமும் 30 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட திரைக்கு எத்தனை பிக்சல்? அகலத்தில் பத்து லட்சம், உயரத்தில் ஆறு லட்சம். பெருக்கினால் 60,000 கோடி. ஒரு படத்துக்கு. விநாடிக்கு அறுபது படங்கள் வேண்டும். கால் தாளில் முடியும் இந்தக் கணக்கை நான் நான்காம் ஆண்டில்தான் முழுதாகப் போட்டேன். இப்போது எந்த மாணவர் திட்டத்தோடு வந்தாலும் முதல் கேள்வி: மொத்தம் எத்தனை பிக்சல், எத்தனை கோணம், கண் இருக்கும் இடத்துக்கு எவ்வளவு அகலம்? பதில் வரும்வரை கருவி எதையும் வாங்குவதில்லை. அந்த நான்கு ஆண்டுகளை வீண் என்று சொல்லமாட்டேன். ஒளியியல் மேசையில் கண்ணாடிகளைச் சீரமைக்கும் பொறுமையை அவைதான் தந்தன.

இந்தத் துறைக்கு அலைகள் உண்டு. 1950-களின் தொடக்கத்தில் முப்பரிமாணத் திரைப்படங்கள் பெருகி இரண்டு மூன்று ஆண்டுகளில் அடங்கின. 2010-ஐ ஒட்டி முப்பரிமாணத் தொலைக்காட்சிகள் வந்தன. 2017-க்குள் பெரிய நிறுவனங்கள் அவற்றைச் செய்வதை நிறுத்திவிட்டன. அந்த இரண்டாம் அலையில் நான் இருந்தேன். அலை இறங்கியபோது நடுவில் இருந்த எங்கள் திட்டமும் நின்றது. ஒரு குறிப்பிட்ட வகைத் திரையின் மின்சுற்றை மட்டும் கரைத்துக் குடித்திருந்த நண்பர்கள் மிகவும் சிரமப்பட்டார்கள். கேமரா வடிவியல், கருவிகளை அளவொப்பிடுதல், மனிதர்களை வைத்துச் சோதனை நடத்துதல் இவற்றைக் கற்றிருந்தவர்கள் அடுத்த கரைக்குத் தாவிவிட்டார்கள். என்னைத் தாங்கியவை என் அளவீட்டு நிரல்களும் அந்தப் படிவமும்தான்.

அடுத்த கரை தலையில் அணியும் திரை. 1968-இல் ஐவன் சதர்லாந்து செய்து காட்டியது கனமான கருவி, கூரையிலிருந்து தொங்கிய தண்டோடு இணைத்திருந்தார்கள். இன்று கனம் குறைந்துவிட்டது, தலை திரும்பியதும் இருபது மில்லிவிநாடிக்குள் படத்தை மாற்றவும் முடிகிறது. விட்டுப்போன தொல்லை ஒன்று உண்டு. அருகில் உள்ள பொருளைப் பார்க்கும்போது இயற்கையில் இரண்டு காரியங்கள் சேர்ந்து நடக்கின்றன: கண்கள் உள்நோக்கித் திரும்பும், விழி வில்லை தடித்துக் குவியத்தை அருகே கொண்டுவரும். தலையணித் திரையில் கண்கள் திரும்புகின்றன, குவியமோ எப்போதும் ஒரே தூரத்தில், பெரும்பாலும் ஒன்றிரண்டு மீட்டரில் கட்டுண்டு கிடக்கிறது. சேர்ந்தே நடந்து பழகிய இரண்டு மாடுகளை எதிரெதிர்த் திசையில் ஓட்டுவது போல. குவியத்தை டையாப்டரில் அளப்போம், ஒன்றை மீட்டரில் சொன்ன தூரத்தால் வகுத்தால் வருவது அது. முப்பது சென்டிமீட்டரில் ஒரு பொருளைக் காட்டினால் இழுபறி இரண்டு டையாப்டரைத் தாண்டும். கண் சுகமாகப் பொறுப்பது ஏறத்தாழ அரை டையாப்டர்.

இதற்காக ஆறு குவியத் தளங்கள் கொண்ட, அதாவது படத்தை ஆறு வெவ்வேறு தூரங்களில் குவித்துக் காட்டும் கருவி ஒன்றைக் கட்டினோம். தளத்துக்குத் தளம் 0.6 டையாப்டர், இரண்டு மீட்டரிலிருந்து முப்பது சென்டிமீட்டருக்குச் சற்று உள்ளே வரை. மூன்று ஆண்டு வேலை. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, அருகில் ஒரு சிவப்பு மணியும் தொலைவில் ஒரு நீல மணியும் காட்டி நானே முதலில் பார்த்தேன். நீல மணி துல்லியம். சிவப்பு மணி மங்கல். எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் மங்கல். ஒரே தளத்துக்கு மாற்றினால் இரண்டும் துல்லியமாகத் தெரிந்தன. அதாவது எதை ஒழிக்க மூன்று ஆண்டு உழைத்தோமோ, அந்தப் பழைய திரைதான் நன்றாக இருந்தது.

அருகிலுள்ள தளம் பிசகிவிட்டது என்று முடிவுசெய்து, ஒன்பது நாள் கண்ணாடிகளை மறுபடி மறுபடி சீரமைத்தேன். விடுமுறை முடிந்து வந்த ஆய்வு மாணவி ஒருவர் தாடையைத் தாங்கியில் வைத்துப் பார்த்தார்.

"சிவப்பைப் பார்த்தால் நீலம் மங்குகிறது சார். நீலத்தைப் பார்த்தால் சிவப்பு மங்குகிறது. நிஜமாகவே முன்னால் இருப்பது போல இருக்கிறது."

"சிவப்பு துல்லியமாகத் தெரிகிறதா?"

"நன்றாகத் தெரிகிறதே."

அவருக்கு வயது 24. எனக்கு 49. அலைபேசியைக் கை நீட்டிப் பிடித்துப் படிக்கத் தொடங்கி ஓராண்டு ஆகியிருந்தது. எழுத்து சிறிது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வெள்ளெழுத்து என்ற சொல் நினைவுக்கே வரவில்லை. விழி வில்லையின் குவியத் திறன் சிறுவயதில் பத்து டையாப்டருக்கு மேல், ஐம்பதை நெருங்கும்போது இரண்டுக்கும் கீழே என்று வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லிவந்தவன் நான். கண்ணின் குவியத்தை அளக்கும் கருவியை மாட்டிப் பார்த்தோம். மணி நெருங்க நெருங்க அவருடைய கோடு படிப்படியாக ஏறியது. என்னுடையது தரையோடு கிடந்தது.

முறையான சோதனை அடுத்த திங்கட்கிழமை தொடங்கியது. விதிப்படி எல்லோருக்கும் படிவம் என்பதால் மாணவி எனக்கும் ஒன்றை நிரப்பினார். ஆழப் பார்வை: சிறப்பு. கண்மணிகளின் இடைவெளி: 64. வயது என்ற கட்டத்துக்கு வந்ததும் தயங்கினார். முப்பத்தைந்துக்கு மேற்பட்டவர்களை இந்தச் சோதனையில் சேர்ப்பதில்லை என்ற வரியை எழுதியதும் நானே. பேனாவை வாங்கி, "தகுதி இல்லை" என்ற கட்டத்தில் குறியிட்டேன். பிறகு அவர் தாடையைத் தாங்கியில் வைத்துக்கொள்ள, நான் எதிரில் அமர்ந்து அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்.